யார் வரைந்த நாயகர்கள்?

தோழர்களே, இந்த முறை ஒரு காமிக்ஸின் முதல் இதழைப் பற்றி எழுதுகிறேன். சூப்பர் ஹீரோ கதைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது.

சூப்பர் ஹீரோக்கள் குழுவாகச் சேரும் கதைகள் அமெரிக்காவில் 1960-களில் சூடுபிடித்தன. 1961-இல் ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ முதல் இதழ் வந்தது. அதன் நாயகர்கள் நால்வரும் வெள்ளையர்கள். 1963-இல் ‘எக்ஸ்-மென்’ வந்தது. பிறவியிலேயே வேறுபட்டவர்கள் என்பதற்காக வெறுக்கப்படுகிறவர்களின் கதை அது. பிறப்பை வைத்து வெறுப்பது என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்த முதல் இதழின் ஐந்து மாணவர்களும் வெள்ளையர்களே. ஒதுக்கப்படும் வலி அவர்களுக்குக் கதையாகத் தேவைப்பட்டது, ஒதுக்கப்பட்ட மனிதர்கள் தேவைப்படவில்லை.

1975-இல் எக்ஸ்-மென் குழுவைப் புதிதாக அமைத்தார்கள். கென்யாவிலிருந்து ஸ்டார்ம் வந்தார். அப்பாச்சி பழங்குடியிலிருந்து தண்டர்பேர்ட் வந்தார். அதே ஆண்டுக்குள் தண்டர்பேர்டைச் சாகடித்துவிட்டார்கள். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் தனித்தொகுதித் தலைவர்களைத் தேர்ந்தெடுத்த கையோடு ராஜினாமா செய்ய வைத்ததை நினைத்துப் பாருங்கள். அடுத்தவர் தயவில் கிடைத்த நாற்காலியை அவர்களே எப்போது வேண்டுமானாலும் இழுத்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில்தான் ‘பிளட் சிண்டிகேட்’ வருகிறது. 1993-இல் ட்வெய்ன் மெக்டஃபி, டெனிஸ் கோவன், மைக்கேல் டேவிஸ், டெரெக் டிங்கிள் என்ற நான்கு கறுப்பினத்தவர் ‘மைல்ஸ்டோன்’ நிறுவனத்தின் பெயரில் காமிக்ஸ்களை வெளியிடத் தொடங்கினார்கள். அச்சும் விற்பனையும் டிசி என்ற பெரிய நிறுவனத்தின் பொறுப்பு. பாத்திரங்களின் உரிமை மைல்ஸ்டோனிடமே இருந்தது. என் கணக்கில், அவர்களுடைய எந்த நாயகனின் சக்தியையும்விட இந்த ஒப்பந்தமே பெரிய சக்தி.

முதலில் வந்த இதழ்களில் ஒன்று ‘பிளட் சிண்டிகேட்’. மெக்டஃபியும், போர்ட்டோ ரிக்கோ வம்சாவளியைச் சேர்ந்த இவான் வெலெஸும் எழுதியது. டகோட்டா என்ற கற்பனை நகரத்தின் ஏழைக் குடியிருப்பான பாரிஸ் தீவில் தெருக் கும்பல்கள் மோதுகின்றன. சோதித்துப் பார்க்காத ரசாயனம் கலந்த புகையைப் போலீஸ் அவர்கள்மேல் அடிக்கிறது. பலர் சாகிறார்கள். பிழைத்தவர்களுக்கு அபூர்வ சக்திகள் வருகின்றன. அதுவரை வெட்டிக்கொண்ட இரண்டு கும்பல்கள் ஒன்றாகின்றன. கறுப்பர், லத்தீன் அமெரிக்கர், ஆசியர் எல்லோரும் அதில் உண்டு. ஒருவரையொருவர் முழுதாக நம்பாமல், சண்டை போட்டுக்கொண்டே சேர்ந்து நிற்கிறார்கள். உட்சாதி வேலிகளுக்குள் தனித்தனியாக நிற்கும் நமக்கு இது வெறும் கற்பனையா?

1996-இல் இந்தக் காமிக்ஸ் நின்றது. மறு ஆண்டு மைல்ஸ்டோனின் காமிக்ஸ் வெளியீடே நின்றுபோனது. ஆனாலும் அவர்கள் படைத்த ‘ஸ்டேடிக்’ என்ற கறுப்பினச் சிறுவன் 2000 முதல் 2004 வரை தொலைக்காட்சியில் கார்ட்டூன் நாயகனாக வலம் வந்தான்.

நம் நாட்டுக்கு வருவோம். 1967-இல் தொடங்கிய ‘அமர் சித்ர கதா’ புராணங்களையும் மன்னர்களையும் வரைந்து தள்ளியது. பாபாசாகேப் அம்பேத்கருக்கு அதில் இடம் கிடைக்க 1979 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2011-இல் ‘பீமாயனா’ வந்தது. துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற கோண்டு பழங்குடி ஓவியர்கள் அண்ணலின் வாழ்க்கையை வரைந்தார்கள். காமிக்ஸ் வழக்கப்படி மனிதர்களைக் கட்டங்களுக்குள் அடைக்க அவர்கள் மறுத்தார்கள். கொடுமையாகப் பேசுகிறவர்களின் சொற்களைத் தேள்கொடுக்கு வடிவத்திலும், அன்பாகப் பேசுகிறவர்களின் சொற்களைப் பறவை வடிவத்திலும் வரைந்தார்கள். பள்ளியில் தண்ணீர் மறுக்கப்பட்ட சிறுவனின் தாகத்தை ஒரு பழங்குடிக் கை வரைந்தபோது காமிக்ஸின் இலக்கணமே மாறியது.

முகத்தை மாற்றினால் மட்டும் போதாது, பேனாவும் உரிமையும் நம் கைக்கு வர வேண்டும். இந்த வரலாறு சொல்வது இதைத்தான்.

சூரமங்கலத்தில் ஜங்ஷனைச் சுற்றியுள்ள தெருக்களில் நன்றாக வரையும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு ஏ4 தாளை மடித்து, நடுவில் வெட்டினால் எட்டுப் பக்கப் புத்தகம். ஜெராக்ஸ் கடையில் ஐம்பது பிரதி எடுக்கலாம். உங்கள் தெருவின் நாயகர்கள் யார், அவர்களுக்கு என்ன சக்தி வேண்டும், யாரோடு சேர்ந்து நிற்பார்கள் என்பதை அந்தப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும். அட்டையில் அவர்கள் பெயரே இருக்கட்டும்.

முதல் இதழை எதிர்பார்க்கிறேன். ஜெய்பீம்!