துளையில் தொடங்கி வடிவத்துக்கு: அச்சிட்ட உலோக எலும்பின் வரலாறு

2011 ஜூன் மாதம் நெதர்லாந்தில் 83 வயது மூதாட்டி ஒருவரின் கீழ்த்தாடையை மருத்துவர்கள் முழுவதுமாக அகற்றினார்கள். தீராத எலும்புத் தொற்றால் அது கெட்டுப்போயிருந்தது. அந்த இடத்தில் 107 கிராம் எடையுள்ள டைட்டானியத் தாடை பொருத்தப்பட்டது. பெல்ஜியத்தின் லேயர்வைஸ் நிறுவனம் உலோகத் தூளை லேசரால் உருக்கி, மில்லிமீட்டருக்கு 33 அடுக்குகள் என்ற கணக்கில் அதை எழுப்பியிருந்தது. தசை பற்றிக்கொள்ளக் குழிவுகள், நரம்பு செல்லத் தடம், மேலே உயிரிப் பீங்கான் பூச்சு எல்லாம் இருந்தன. மயக்கம் தெளிந்ததும் மூதாட்டி சில சொற்கள் பேசினார். மறுநாள் விழுங்கவும் முடிந்தது.

ஆளுக்கேற்ற உலோக எலும்பின் கதை இங்குதான் தொடங்குகிறது என்று பலர் கருதுகிறார்கள். ஆனால் அச்சிட்ட உலோகத்தை எலும்பு மருத்துவம் முதலில் வரவேற்றது அதன் நுண்துளைகளுக்காக. ஆளுக்கேற்ற வடிவம் அதற்குப் பின்னரே பரவலானது.

உலோகம் எலும்போடு உறவாடும் என்பது தற்செயலாகத் தெரியவந்தது. 1950களில் சுவீடன் மருத்துவர் பெர்-இங்வார் பிரோனேமார்க், எலும்புக்குள் ரத்த ஓட்டத்தைக் காண முயலின் காலில் டைட்டானியக் கூடு ஒன்றைப் பதித்தார். ஆய்வு முடிந்து கழற்றப் போனால், எலும்பு அதை விடவில்லை.

அளவெடுக்கும் வழியைத் தந்தது ஸ்கேன். 1971-இல் லண்டனில் நோயாளி ஒருவருக்கு முதன்முதலாக சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. 1986-இல் அமெரிக்கர் சக் ஹல், ஒளியால் பிசினை இறுகச் செய்து பொருளை உருவாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டும் சேர்ந்தபோது கிடைத்தது பிளாஸ்டிக் மண்டையோட்டு மாதிரி. 1990களில் மருத்துவர்கள் அந்த மாதிரியின் மேல் உலோகத் தகட்டைக் கையால் வளைத்துப் பொருத்திப் பார்த்தார்கள். வடிவம் கிடைத்தது, உலோகமோ பழைய தகடாகவே இருந்தது.

ஜெர்மனியின் ஆகன் நகரில் இயங்கும் ஃபிராவ்ன்ஹோஃபர் ஆய்வகம் அதே பத்தாண்டில் உலோகத் தூளை லேசரால் முழுமையாக உருக்கும் முறையை வளர்த்தது. 1997-இல் சுவீடனில் தொடங்கிய ஆர்காம் நிறுவனம் லேசருக்குப் பதில் மின்னணுக் கற்றையை வெற்றிடத்தில் பாய்ச்சியது.

துளையின் அருமை இங்கேதான் புரிந்தது. இம்ப்ளான்ட்டுகளுக்கான டைட்டானியக் கலவையின் விறைப்பு சுமார் 110 கிகாபாஸ்கல். எலும்பின் கெட்டியான புறப்பகுதிக்கு அதில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறுவது அரிது. சுமையை உலோகமே தாங்கிக்கொண்டால், வேலையில்லாத எலும்பு மெலியும். நாளடைவில் இம்ப்ளான்ட் ஆடத் தொடங்கும். கடற்பஞ்சைப்போலத் துளைவிட்டு அச்சிட்டால் விறைப்பு குறைகிறது, துளைகளுக்குள் எலும்பும் வளர்ந்து இறங்குகிறது. அடிப்பதாலோ கடைவதாலோ இப்படியொரு பின்னலைச் செய்ய இயலாது.

2007-இல் இத்தாலியின் லீமா நிறுவனம் தயாரித்த, துளைகள் நிறைந்த இடுப்புக் கிண்ணம் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அது குறிப்பிட்ட சில அளவுகளில் வரும் ஆயத்தப் பொருள். யாருக்கும் தனியே அளவெடுத்ததன்று.

தனியளவு அதன் பிறகே வேகம் பிடித்தது. 2014-இல் பெய்ஜிங் பல்கலைக்கழக மூன்றாம் மருத்துவமனையில், புற்றுநோயால் பாதிக்கப்பட்ட 12 வயதுச் சிறுவனின் இரண்டாம் கழுத்து முள்ளெலும்புக்கு மாற்றாக அச்சிட்ட எலும்பு வைக்கப்பட்டது. மறு ஆண்டு ஸ்பெயினின் சாலமாங்காவில் ஒருவருக்கு மார்பெலும்பும் விலாப் பகுதியும் பொருத்தப்பட்டன. அவற்றை அச்சிட்ட இடம் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன்.

அச்சு முடிந்ததும் வேலை முடிவதில்லை. அடித்தட்டோடு ஒட்டி நிற்கும் பொருளைச் சூடேற்றி உள்ளழுத்தம் தணித்து, அறுத்தெடுத்து, தாங்குகால்களைக் களைய வேண்டும். துளைகளில் அடைபட்ட உருகாத தூளை ஊதியும் அதிரவைத்தும் வெளியேற்றுவது இன்னும் நுணுக்கமான வேலை. ஒரு மணித்துகள் தங்கினாலும் உடலுக்குள் உதிரக்கூடும்.

கொரோனாவின் இரண்டாம் அலையில் இந்தியாவில் கரும்பூஞ்சை பலரின் தாடையையும் கன்ன எலும்பையும் அரித்தது. சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள், பல் மருத்துவர்கள் தொடங்கிய சென்னை நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து, அப்படிப்பட்டவர்களுக்கு ஸ்கேன் பதிவிலிருந்து முக எலும்புகளை டைட்டானியத்தில் அச்சிட்டார்கள். துளைக்காக வந்த தொழில்நுட்பம், இழந்த முகத்தின் அளவை அப்படியே எடுக்கும் வேலைக்கு அங்கே வந்து சேர்ந்திருந்தது.