கோழிக்குடல் சொன்ன சர்க்கரைக் கணக்கு

நம்ம காட்டாங்குளத்தூரை ஒட்டி, காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கோழி என்றால் நமக்கு பிரியாணிதான் ஞாபகம் வரும். ஆனால் குடல் செல்லுக்குள் சர்க்கரை எப்படி நுழைகிறது என்ற வரலாற்றிலும் கோழிக்கு இடம் உண்டு நண்பர்களே.

1960 ஆகஸ்டில் பிராக் நகரில் ராபர்ட் கிரேன் ஒரு கருத்தைச் சொன்னார். செல்லுக்கு வெளியே சோடியம் அதிகம், உள்ளே குறைவு. சோடியம் உள்ளே பாயும்போது குளுக்கோஸையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது என்றார். எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. அமெரிக்காவில் ஜார்ஜ் கிம்மிச் 1970ல் கோழிக்குடல் செல்களைத் தனியாகப் பிரித்தெடுத்து, சோடியம் தரும் சக்தி மட்டும் போதுமா என்று சந்தேகம் கிளப்பினார். விடை கிடைத்ததும் கோழிச் செல்லில்தான். ஒரு குளுக்கோஸுக்கு இரண்டு சோடியம் என்று 1980களில் அவர் ஆய்வகமே அளந்து சொன்னது!

இது வெறும் ஆய்வகச் சண்டை இல்லை. 1971ல் மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதம் வரை போயிருந்த இறப்பு 4 சதவீதத்துக்குக் கீழே இறங்கியது. (மெடிக்கல் ஷாப் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் இதேதான்.)

சிட்டுக்குருவி, கிளி விஷயம் வேறு. 1990களில் வில்லியம் காரசோவ் குழுவினர் பார்த்தபோது, குளுக்கோஸில் பெரும்பகுதி செல்களின் இடைவெளி வழியாகவே நுழைந்தது. பறக்க எடை குறைய வேண்டும், அதனால் குடல் சிறியது; குறுக்கு வழி ஈடுகட்டுகிறது. ஆனால் இரையில் இருக்கும், தண்ணீரில் கரையும் நச்சுக்கும் அதே வழி திறந்திருக்கிறது.