'மர்மயோகி' முதல் 'சுழல்' வரை: பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

90களின் கடைசியில் என்னிடம் படித்த மாணவி ஒருத்தி போன வாரம் போன் செய்தாள். "சார், என் பொண்ணு ஒன்பதாவது. கிளாஸ்ல எல்லாரும் 'சுழல்' பார்த்துட்டாங்களாம். தானும் பார்க்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. காட்டலாமா, வேண்டாமா?" என்று கேட்டாள். எழுதியே அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். இதே கேள்வியை என் தங்கை மகனும் கேட்டிருக்கிறான் என்பதால் எல்லோருக்கும் பொதுவாக இங்கே போடுகிறேன். வரலாற்று வாத்தியாரிடம் கேள்வி கேட்டால் பதில் 1918-லிருந்துதான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்காரன் காலத்தில் 1918-ல் சினிமாச் சட்டம் வந்தது. 1920-ல் பம்பாய், கல்கத்தா, மதராஸ் என்று பெருநகரங்களில் தணிக்கை வாரியங்கள் அமைந்தன. மதராஸில் வாரியத்துக்குத் தலைவர் யார் தெரியுமா? போலீஸ் கமிஷனர். அதிலிருந்தே அவர்களுடைய கவலை என்ன என்று தெரிந்துவிடும். கலவரம் வருமா, துரைமார்களின் மதிப்பு குறையுமா, ஜனங்கள் காங்கிரஸ் பக்கம் சாய்வார்களா என்பதுதான் அவர்கள் பார்த்தது. குழந்தை என்கிற பார்வையாளர் அந்தக் கணக்கிலேயே பெரிதாக இல்லை. 1927-ல் நம்ம மதராஸ் வக்கீல் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் ஒரு விசாரணைக் குழு போட்டார்கள். நாடு முழுக்கச் சுற்றிச் சாட்சியம் வாங்கி 1928-ல் அறிக்கை கொடுத்தது. சினிமா இளையவர்களைக் கெடுக்கிறதா என்பதும் அந்த விசாரணையில் எழுந்த கேள்விகளில் ஒன்று. கிட்டத்தட்ட நூறு வருஷமாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

வயதை வைத்துப் பிரிக்கும் முறை 1949 சட்டத்திருத்தத்தில்தான் வந்தது. எல்லோரும் பார்க்கலாம் என்றால் 'யு', வயது வந்தவர்களுக்கு மட்டும் என்றால் 'ஏ'. தமிழில் முதன்முதலில் 'ஏ' வாங்கிய படம் எது என்று வகுப்பில் கேட்டால் பையன்கள் சிரித்துக்கொண்டே என்னென்னவோ பெயர் சொல்வார்கள். அது 1951-ல் வந்த எம்.ஜி.ஆர். படம், 'மர்மயோகி'. ஜூபிடர் பிக்சர்ஸ் தயாரிப்பு, கே. ராம்நாத் இயக்கம். காரணம் ஆபாசம் இல்லை. பேய்! செருகளத்தூர் சாமா ஆவியாக வரும் காட்சிகள் குழந்தைகளைப் பயமுறுத்தும் என்று 'ஏ' கொடுத்துவிட்டார்கள். அதே படத்தில் ஒரு பெண் ராஜ்ஜியத்துக்காக ராஜாவையே தீர்த்துக்கட்டப் பார்க்கிறாள். அது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. இன்றைக்கு அந்தப் படத்தைப் போட்டால் இரண்டாம் வகுப்புப் பிள்ளை கூட அசையாமல் முறுக்கு தின்றுகொண்டே பார்க்கும்.

இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. பயம் வேறு, கெடுதல் வேறு. பயந்த பிள்ளை ரெண்டு நாள் அம்மா பக்கத்தில் படுத்துக்கொள்ளும், அதோடு சரி. நம் பக்கத்து ஊர்களில் மாசி அமாவாசைக்கு அங்காளம்மன் கோவில் மயானக் கொள்ளை நடக்கிறதே. காளி வேஷம் கட்டி, முகத்தில் சாயம் பூசி, நாக்கைத் துருத்திக்கொண்டு ஓடிவருவதை அப்பா தோளில் உட்கார்ந்து பார்க்காத பிள்ளை இந்தப் பக்கம் உண்டா? வயது கேட்டுத்தான் அனுப்புகிறோமா? தோள் இருக்கிறது, அதனால் பயம் தாங்குகிறது.

அடுத்து நான் முக்கியமாக நினைப்பது 1970. கே.ஏ. அப்பாஸ் தன் குறும்படத்துக்கு 'யு' மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். தலைமை நீதிபதி ஹிதாயத்துல்லா சொன்ன தீர்ப்பில் இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, படம் மனசை மற்றக் கலைகளைவிட வேகமாகப் பிடிக்கும், அதனால் பெரியவர்களுக்கு வேறு, பிள்ளைகளுக்கு வேறு என்று பிரிப்பது நியாயமே. இரண்டாவதுதான் பலர் கவனிக்காதது. ஒரு கொடுமை படத்தில் இருக்கிறது என்பதற்காகவே கத்திரியைத் தூக்கக் கூடாது, அதைப் படைத்தவர் எப்படிக் கையாண்டிருக்கிறார் என்று பார்க்க வேண்டும் என்கிற கருத்து. இந்த ஒரு அளவுகோலை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே தேவைப்படும்.

புத்தகத்துக்கும் பத்திரிகைக்கும் இந்த 'ஏ', 'யு' முத்திரை எப்போதுமே கிடையாது என்பதை யோசித்திருக்கிறீர்களா? ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் காலத்துத் துப்பறியும் நாவல்களிலிருந்து பேருந்து நிலையத்தில் தொங்கிய பாக்கெட் நாவல் வரை யார் வேண்டுமானாலும் வாங்கிப் படித்தார்கள். இதற்குப் பெரிய உதாரணம் ஆட்டோ சங்கர். திருவான்மியூரில் 1988-ஐ ஒட்டி நடந்த கொலைகள், சென்னைச் சிறையிலிருந்து தப்பியது, பிடிபட்டது, 1995 ஏப்ரலில் சேலம் மத்தியச் சிறையில் தூக்கு. இதெல்லாம் உங்களில் பலருக்குச் சின்ன வயசுச் செய்தி. அவன் எழுதியதை 'நக்கீரன்' வெளியிட முனைந்தபோது அரசு தரப்பு தடுக்கப் பார்த்தது. 1994-ல் உச்ச நீதிமன்றம் பத்திரிகைக்குச் சாதகமாகச் சொன்ன தீர்ப்பை இன்றும் சட்டக் கல்லூரியில் பாடமாக வைத்திருக்கிறார்கள். அங்கே பேசப்பட்டது தனியுரிமை, அவதூறு, பத்திரிகைச் சுதந்திரம். டீக்கடை பெஞ்சில் கிடக்கும் அந்தப் பத்திரிகையைப் பன்னிரண்டு வயசுப் பையன் எடுத்துப் படிப்பானே என்பது வழக்கில் வரவே இல்லை. 2019-ல் அதே கதை ஜீ5-ல் தொடராக வந்தபோதுதான் வயது என்ற பேச்சு வருகிறது.

இனி டிவி. சென்னைத் தூர்தர்ஷன் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. தியேட்டரில் டிக்கெட் கிழிப்பவர் ஒருவர் நிற்பார். (அவர் யாரை விட்டார், யாரைத் தடுத்தார் என்பதை உங்களில் சிலர் என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள்.) வரவேற்பறையில் யாரும் நிற்பதில்லை. இந்தச் சங்கடம் முதலில் பெரிதாக வெடித்தது 1988 ஜனவரியில், கோவிந்த் நிஹலானியின் 'தமஸ்' தொடரில். பிரிவினைக் காலக் கலவரம், வெட்டு, தீ வைப்பு எல்லாம் வீட்டுக்குள் வருகிறது, நிறுத்துங்கள் என்று வழக்கு. பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதிகள் இருவர் என்ன செய்தார்கள் தெரியுமா? முழுத் தொடரையும் உட்கார்ந்து பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதினார்கள். ஒளிபரப்பு தொடர்ந்தது, உச்ச நீதிமன்றமும் பிறகு அதையே சரி என்றது. ஒரு துண்டை மட்டும் பார்த்து முடிவு சொல்லாத அந்தப் பொறுமை எனக்குப் பிடிக்கும்.

அதற்கப்புறம் 1993-ல் சன் டிவி, 90களின் பிற்பாதியில் 'மர்ம தேசம்'. இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா இயக்கம். 'விடாது கருப்பு' ஓடிய நாட்களுக்கு மறுநாள் காலை என் வகுப்பில் முதல் பத்து நிமிஷம் பாடம் நடக்காது. குதிரைச் சத்தத்தைப் பெஞ்சில் தட்டிக் காட்டிய பையன் இப்போது வங்கி மேலாளர். ஊரில் வரிசையாகக் கொலை விழும் கதை, அதற்கு எந்தச் சான்றிதழும் இல்லை. சினிமாவுக்குத் தணிக்கை உண்டு, தொடருக்குக் கிடையாது. பிள்ளைகள் அதிகம் பார்க்கும் நேரத்தில் அவர்களுக்கு ஒவ்வாததைக் காட்டக் கூடாது என்று கேபிள் டிவி விதிகளில் ஒரு வரி இருந்தது. 2011-ல் சேனல்காரர்களே கூடி, பெரியவர்களுக்கானதை இரவு 11 மணிக்கு மேல்தான் போடுவது என்று வைத்துக்கொண்டார்கள். கடிகாரம்தான் காவல்காரன்.

ஓடிடி வந்ததும் கடிகாரமும் போய்விட்டது. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு கொண்டுவந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஐந்து வகை: யு, யு/ஏ 7+, 13+, 16+, ஏ. 13+ முதல் பெற்றோர் பூட்டு இருக்க வேண்டும், 'ஏ'வுக்கு வயதைச் சரிபார்க்க வேண்டும். ஆனால் முத்திரை குத்துவது அரசு வாரியம் அல்ல, படத்தை வெளியிடும் நிறுவனமே. கடைக்காரரே தராசுக்கு முத்திரை வைத்துக்கொள்வது போல. பூட்டோ அம்மாவின் போனில் இருக்கிறது, பிள்ளை பார்ப்பது தாத்தாவின் போனில்.

அரசு வாரியம் குத்தினால் மட்டும் ஒழுங்கா என்று கேட்பீர்கள். 2023-ல் 'ஜெயிலர்' யு/ஏ வாங்கியது. தலை துண்டாகும் படத்துக்கு எப்படி என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கே போட்டார்கள், சான்றிதழ் மாறவில்லை. 2025-ல் 'கூலி'க்கு 'ஏ'. தயாரிப்பாளர் யு/ஏ கேட்டு அதே நீதிமன்றம் போனார், மனு தள்ளுபடி. பேரப்பிள்ளைகளோடு போய் வாசலில் திரும்பிய உறவினர்கள் என்னிடம் புலம்பினார்கள். இரண்டு ரஜினி படங்களுக்கும் ரத்தத்தில் எத்தனை லிட்டர் வித்தியாசம் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் 1993-ல் காவல் நிலையத்தில் ஒரு பழங்குடி மனிதர் அடித்தே கொல்லப்பட்டதைச் சொன்ன 'ஜெய் பீம்' படமும் 'ஏ'தான் வாங்கியது. பதினாறு வயசுப் பிள்ளை குடிமையியல் பாடத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய படம் அது என்பது என் கருத்து.

இப்போது 'சுழல்'. 2022 ஜூன் 17-ல் அமேசான் பிரைமில் வந்தது. புஷ்கர்–காயத்ரி எழுத்து, பிரம்மாவும் அனுசரணும் இயக்கம், முதல் பருவம் எட்டு பகுதி. சிமெண்ட் ஆலை எரிகிறது, ஒரு சிறுமி காணாமல் போகிறாள், பின்னணியில் நாம் சொன்ன அதே மயானக் கொள்ளைத் திருவிழா. இன்னும் பார்க்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள், முடிச்சை அவிழ்க்கப் போகிறேன்.

கதையின் நடுவில் இருப்பது கொலை அல்ல. குடும்பத்துக்குள்ளேயே, எல்லோரும் நம்பிய ஒரு ஆள் பெண் குழந்தைகளுக்குச் செய்த கொடுமை. அக்கா பல வருஷம் யாரிடமும் சொல்ல முடியாமல் வீட்டை விட்டே போனதற்கும் அதுதான் காரணம். ஹிதாயத்துல்லா சொன்ன அளவுகோலை இங்கே வைத்துப் பாருங்கள். கொடுமையை ருசியாகக் காட்டவில்லை. கேமரா வலியின் பக்கம் நிற்கிறது. போக்சோ வழக்குகளில் குற்றவாளி பெரும்பாலும் குழந்தைக்குத் தெரிந்தவர்தான் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் சொல்கிறது. 36 வருஷம் வகுப்பில் நின்றவன் என்ற முறையில் நானும் சொல்வேன்: முகம் வாடிய பிள்ளையை ஏன் என்று கேட்கத் தெரியாத வீடுகள் ஏராளம். அந்த வகையில் இந்தத் தொடர் வளரும் பிள்ளைக்குத் தேவையான ஒன்றைச் சொல்கிறது. எனக்கு உறுத்துவது முடிவு. பாதிக்கப்பட்டவள் துப்பாக்கியை எடுக்கிறாள். திரையில் பார்க்க நமக்கே ஆறுதலாக இருக்கிறது, அதுதான் சிக்கல். 2012-லிருந்து போக்சோ சட்டம் இருக்கிறது, 1098 என்ற எண் இருக்கிறது. பிள்ளை மனசில் தங்க வேண்டியது துப்பாக்கி இல்லை, அந்த எண்.

இங்கிலாந்தில் 2025 மார்ச்சில் 'அடோலசன்ஸ்' என்ற நான்கு பகுதித் தொடர் நெட்பிளிக்ஸில் வந்தது. 13 வயசுப் பையன் மேல் கொலைப் பழி. அதை உயர்நிலைப் பள்ளிகளில் இலவசமாகத் திரையிட ஏற்பாடு செய்தார்கள், அந்நாட்டுப் பிரதமரே ஆதரித்தார். ஆசிரியர் பக்கத்தில் இருக்க, பேசுவதற்கென்று நேரம் ஒதுக்கிக் காட்டுவது. நம் பள்ளிகளில் இப்போதைக்கு நடக்காது. ஆகவே அந்த வேலை அம்மாவிடமும் அப்பாவிடமும்தான் வருகிறது.

அம்மா, உன் கேள்விக்குப் பதில் இதுதான். உன் பெண்ணுக்கு 14. தனியாக, போனில், காதில் மாட்டிக்கொண்டு பார்க்க வேண்டாம். நீ முதலில் எட்டுப் பகுதியும் பார்த்து முடி, தமஸ் நீதிபதிகள் மாதிரி. அவள் சுபாவம் உனக்குத் தெரியும். ராத்திரி திடுக்கிட்டு எழுந்திருக்கிற பிள்ளை, அல்லது அந்த மாதிரி ஏதோ நடந்திருக்குமோ என்று உனக்கு லேசான சந்தேகம் இருக்கிற பிள்ளை என்றால், தொடரைத் தள்ளி வை, முதலில் பேசு. அப்படி இல்லையென்றால் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த லீவில், பெரிய டிவியில், நீ பக்கத்தில் உட்கார்ந்து, நாளுக்கு ஒரு பகுதி. ஆறாவது பகுதிக்கு அப்புறம் அவளாக ஏதாவது கேட்டால் சீரியலை நிறுத்திவிட்டுப் பதில் சொல். அவள் அப்பாவும் கூட இருந்தால் நல்லது, பெண் பிள்ளை விஷயம் என்று எழுந்து போக வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

தங்கை மகனுக்கு: உன் பையனுக்கு 12. 'சுழல்' இன்னும் மூன்று வருஷம் போகட்டும். 'ஆட்டோ சங்கர்' 18-க்கு முன் வேண்டவே வேண்டாம். அதில் குற்றவாளியே கதாநாயகன், செத்தவர்களுக்கு முகம் இல்லை. துப்பறியும் கதைதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் தேவனின் 'துப்பறியும் சாம்பு' புத்தகம் என் அலமாரியில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அனுப்பி வை. பூட்டுக்கு நான்கு இலக்க எண் வைக்கும்போது அவன் பிறந்த வருஷத்தை வைக்காதே. முதல் முயற்சியிலேயே திறந்துவிடுவான்.