உழுத வயலின் ஓட்டுச் சில்லுகள்

விவிலிய நாடுகளின் அகழாய்வு என்றதும் நம் எண்ணம் மண்மேடுகளையும் மதில்களையுமே நாடுகிறது. மேட்டைச் சுற்றியுள்ள உழவயல்களை அறிஞரும் நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. அவ்வயல்களிலோ ஏர் புரட்டிய மண்ணில் சிறுசிறு பானைச் சில்லுகள் எங்கும் இறைந்து கிடக்கின்றன. ஓடு கிடக்கும் இடமெல்லாம் வீடு இருந்ததா?

இவ்வினாவுக்கு விடை தேடியவருள் முதன்மையானவர் பிரித்தானிய ஆய்வாளர் டோனி வில்கின்சன். ஈரானின் சீராப் முதலிய பழைய ஊர்களைச் சுற்றிய நிலங்களில் ஓடுகளை அளந்து எண்ணி, 1982-இல் தம் முடிவை வெளியிட்டார். வீட்டுச் சாணமும் அடுப்புச் சாம்பலும் உடைந்த கலங்களும் ஒரே குப்பையில் சேர்ந்தன; அக்குப்பை எருவாக வயலுக்குச் சென்றபோது ஓடுகளும் உடன் சென்றன. சாணம் மக்கிற்று, சாம்பல் கரைந்தது, சுட்ட மண் எஞ்சிற்று. சிரியாவில் யூப்பிரத்தீசு ஆற்றருகே தெல் சுவேகாத் மேட்டைச் சுற்றியும் இத்தகைய சிதறலை அவர் கண்டார். கி.மு. மூன்றாம் ஆயிரத்தாண்டின் பிற்பகுதியில் பெருகிய அந்நகர், தன் மக்களுக்கு உணவளிக்க அண்டை வயல்களை எருவிட்டுத் தீவிரமாகப் பயிரிட்டது என்பது அவர் கருத்து.

வீட்டில் கலம் உடைந்தால் பெரிய துண்டுகளைக் கூட்டி வெளியே கொட்டுவர். சிறு துணுக்குகள் தரையிலேயே மிதிபட்டுப் புதையும். (நம் தாய்மார்க்கு இதைச் சொல்லித்தர ஆய்வாளர் தேவையில்லை.) ஆகவே ஒன்றோடொன்று பொருந்தும் பெரிய துண்டுகள் ஓரிடத்தில் அடர்ந்திருந்தால், பழைய குப்பைமேட்டை ஏர் கிளறியிருக்கிறது எனக் கருதலாம். விளிம்பு தேய்ந்த, ஒன்றுக்கொன்று உறவற்ற சில்லுகள் வயல்தோறும் ஐதாகப் பரவியிருந்தால் எருவையே நினைக்க வேண்டும். ஏரும் ஓடுகளை உடைக்கும், சற்றே இழுக்கும். ஆயினும் கிலோமீட்டர் கணக்கில் கொண்டுபோகாது.

இக்கருத்தை எல்லாரும் அப்படியே ஏற்கவில்லை. கிரேக்க நாட்டு ஆய்வுகளைக் கொண்டு சூசன் ஆல்காக்கும் அவர்தம் தோழரும் 1994-இல் தடை எழுப்பினர். எல்லாச் சிதறலையும் எருவின் கணக்கில் எழுதலாகாது என்பது நியாயமே. ஆனால் ஓடு கண்ட இடமெல்லாம் குடியிருப்பு என வரைந்தால், வாழாத மக்களை வரைபடத்தில் குடியேற்றி, கூடை சுமந்த ஏழைகளை அழித்துவிடுவோம். அப்பிழையே பெரிதென எனக்குப் படுகிறது.

பாலஸ்தீனத்தில் இவ்வழக்கத்துக்கு எழுத்துச் சான்றும் உண்டு. கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட யூதரின் மிஷ்னா, நிலம் ஓய்வுறும் ஏழாம் ஆண்டில் எருவை எப்போது வெளியே கொண்டுசெல்லலாம், குறித்த பரப்பில் எத்தனை குவியல் இடலாம் என்றெல்லாம் விதிக்கிறது. லூக்கா நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் அத்திமரத்துக்காகப் பரிந்து பேசும் தொழிலாளரும், கொத்தி எருவிடவே ஓராண்டுத் தவணை கேட்கிறார்.

யோபு அமர்ந்த இடத்தை எபிரேய மூலம் சாம்பல் என்கிறது. கிரேக்க மொழிபெயர்ப்போ ஊருக்கு வெளியிலிருந்த எருக்குப்பை என்கிறது. சாம்பலும் எருவும் ஒரே குவியலில் சேர்ந்த ஊர்களை எண்ணினால் இரண்டும் முரணாகா. புண்ணைச் சுரண்ட அவர் கைக்கு ஓர் ஓடு எட்டியதிலும் வியப்பில்லை.