காசிப்பூர் தோட்ட வீடு

கொல்கத்தாவின் வடபகுதியில், காசிப்பூர் சாலையில் மாமரங்கள் சூழ இருந்த மாடி வீடு. ராமகிருஷ்ண பரமஹம்சர் (1836–1886) தொண்டைப் புற்றுநோயோடு தம் கடைசி எட்டு மாதங்களைக் கழித்த இடம். இன்று ராமகிருஷ்ண மடத்தின் கிளை.

1885 கோடையில், தட்சிணேஸ்வரத்தில் இருந்தபோது அவருக்குத் தொண்டை வலி தொடங்கியது. ஓயாமல் பேசியதால் வந்த புண் என்றே முதலில் நினைத்தார்கள். ரத்தம் கசியத் தொடங்கியதும் சிகிச்சைக்காகக் கல்கத்தாவின் சியாம்புகூருக்கு அழைத்து வந்தார்கள். நகர நெரிசல் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாததால் 1885 டிசம்பர் 11 அன்று இந்தத் தோட்ட வீட்டுக்கு மாற்றினார்கள். மாத வாடகை 80 ரூபாய். அதை ஏற்றவர் இல்லறச் சீடரான சுரேந்திரநாத் மித்ரா.

சிகிச்சை அளித்தவர்களில் முதன்மையானவர் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் எம்.டி. பட்டம் பெற்று, பின்னர் ஹோமியோபதிக்கு மாறியவர். சி.வி. ராமன் பிற்காலத்தில் ஆய்வு செய்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தை 1876-இல் நிறுவியவரும் இவரே. மனிதரை அவதாரம் என்று வணங்குவதை அவர் ஏற்கவில்லை. சீடர்களிடம் அதை வெளிப்படையாகச் சொல்லி வாதாடினார். ஆனாலும் நோயாளியைப் பார்க்க வந்தால் மணிக்கணக்கில் உட்கார்ந்துவிடுவார்.

நோய் தீரவில்லை. இதை மழுப்பிச் சொல்லும் பக்திக் கதைகள் இந்த வீட்டின் உண்மையான பெருமையைத் தவறவிடுகின்றன. மனத்தைத் தொண்டையில் நிறுத்தி நோயைப் போக்கிக்கொள்ளும்படி பண்டிதர் சசதரர் கேட்டபோது, இறைவனிடம் கொடுத்துவிட்ட மனத்தை உடம்புக்காகத் திருப்பி வாங்க மாட்டேன் என்று பரமஹம்சர் மறுத்தார். அன்னை காளியிடமாவது கேளுங்கள் என்று நரேந்திரர் (பின்னாளில் விவேகானந்தர்) விடாப்பிடியாக மன்றாடினார். கேட்டதாகவும், இத்தனை வாய்களால் நீ உண்ணவில்லையா என்று அன்னை சீடர்களைச் சுட்டிக் காட்டியதாகவும், அதற்குமேல் கேட்க வெட்கமாகிவிட்டதாகவும் பரமஹம்சர் சொன்னார். விழுங்கவே முடியாமல் தவித்த ஒருவரின் பதில் அது.

அவருக்குப் பத்திய உணவு சமைத்துக் கொடுத்துவந்த சாரதா தேவி, தாரகேஸ்வரம் சிவன் கோயிலுக்குப் போய் அன்னம் தண்ணீர் இல்லாமல் இரண்டு நாள் கிடந்தார். கணவர் பிழைப்பார் என்ற வாக்கு அங்கே கிடைக்கவில்லை. யார் யாருக்குச் சொந்தம் என்ற தெளிவோடு எழுந்து திரும்பி, பணிவிடையைத் தொடர்ந்தார்.

1886 ஜனவரி 1, விடுமுறை நாள். உடம்பு சற்றே தேறியிருந்த பரமஹம்சர் மாடியிலிருந்து இறங்கித் தோட்டத்துக்கு வந்தார். அங்கிருந்த கிரீஷ் சந்திர கோஷ் முதலிய இல்லறச் சீடர்களைத் தொட்டு, அவர்களுக்கு ஞானம் விழிக்கட்டும் என்று வாழ்த்தினார். சிலர் அழுதார்கள், சிலர் தியானத்தில் ஆழ்ந்தார்கள். ‘கல்பதரு நாள்’ என்று ஆண்டுதோறும் கொண்டாடப்படுவது இதுவே. லாட்டு, சரத் என்ற இரு இளைஞர்கள் மட்டும் அந்த வேளையில் மாடியிலேயே இருந்து நோயாளியின் அறையைச் சுத்தம் செய்து, படுக்கையை வெயிலில் உலர்த்திக்கொண்டிருந்தார்கள். அன்று நடந்தவற்றில் இதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

1886 ஆகஸ்ட் 16 பின்னிரவு ஒரு மணியைக் கடந்ததும் அவர் மறைந்தார். பகலில் வந்து பார்த்த டாக்டர் சர்க்கார், புகைப்படம் எடுக்கச் சொல்லித் தம் பங்காகப் பத்து ரூபாய் கொடுத்தார். உடல் காசிப்பூர் கங்கைக் கரையில் தகனம் செய்யப்பட்டது.

இந்த வீட்டுக்கும் தமிழ்நாட்டுக்கும் உறவாக அமைந்தவர் சசி. பசி, தூக்கம் பாராமல் குருவின் படுக்கையருகே நின்றவர். சுவாமி ராமகிருஷ்ணானந்தர் என்ற பெயரில் 1897-இல் சென்னைக்கு வந்து, திருவல்லிக்கேணி ஐஸ் ஹவுஸில் தங்கிப் பணியைத் தொடங்கி, மயிலாப்பூர் மடத்தை உருவாக்கினார். குரு உயிரோடிருப்பதாகவே எண்ணி அவர் படத்துக்கு விசிறி வீசிப் பூசை செய்வார். 1911-இல் சென்னைக்கு வந்த சாரதா தேவியை ராமேஸ்வரத்துக்கு அழைத்துச் சென்றவரும் இவரே. அதே ஆண்டு ஆகஸ்டில், காசநோயால் நலிந்து, கல்கத்தாவில் காலமானார்.