போருக்குப் போன தண்டவாளம்

கப்பலுக்குப் பெயர் உண்டு, அதனால் அதற்கு வரலாறும் கிடைத்துவிடுகிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கா ‘டி-2’ வகை எண்ணெய்க் கப்பல்களைச் சுமார் 500 கட்டியது. சில கடற்படைக்கே எண்ணெய் சுமந்தன. போர் முடிந்ததும் 1946இல் ஒரு சட்டம் போட்டுக் கம்பெனிகளுக்கு விற்றார்கள். எது எந்த முதலாளியிடம் போனது, எப்போது உடைபட்டது, எல்லாம் பதிவில் இருக்கிறது. நம்ம ‘ரஜூலா’வுக்கும் அப்படியொரு கதை உண்டு. 1926இல் கட்டிய கப்பல். பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் தமிழர்களைச் சுமந்தது, போரில் படையாட்களைச் சுமந்தது, பிறகு பழைய பிழைப்புக்கே திரும்பியது.

தண்டவாளத்துக்குப் பெயர் கிடையாது. நான் பேச வந்தது போடிநாயக்கனூர்த் தண்டவாளத்தைப் பற்றி.

1928இல் தென்னிந்திய ரயில்வே மதுரையிலிருந்து போடிக்குச் சுமார் 90 கிலோமீட்டர் மீட்டர்கேஜ் பாதை போட்டது. சனங்கள் மேல் வந்த கருணை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மேலே ஏலமலை. ஏலமும் காப்பியும் தேயிலையும் கீழே இறங்கியாக வேண்டும். அதற்கு முன்பே டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவடத்தில் தேயிலை இறங்கிக்கொண்டிருந்தது. மலைச்சரக்குக்கு மூலதனம் தேடிய வழிகளில் ரயிலும் ஒன்று.

பதினான்கு வருஷம்தான். 1942இல் போருக்கென்று பாதையைப் பெயர்த்தெடுத்தார்கள். இந்தியாவில் இருபதுக்கும் மேற்பட்ட கிளைப் பாதைகளுக்கு இதே கதி. எதைப் பெயர்ப்பது? வருமானம் குறைந்த கிளையை. இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்கணும். ஏகாதிபத்தியத்தின் போர்க்கணக்கும் ரயில் கம்பெனியின் வரவுசெலவும் ஒரே பேரேட்டில் எழுதப்பட்டிருக்கின்றன. உசிலம்பட்டிச் சந்தைக்குக் கூடையோடு போகிற பெண்ணுக்கு ரயில் என்னவாக இருந்தது என்பதற்கு அந்தப் பேரேட்டில் பத்தியே கிடையாது.

இன்னொன்று. அதே 1942 ஆகஸ்ட் போராட்டத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்தவர்களை நாசவேலைக்காரர்கள் என்று சிறையில் தள்ளியது சர்க்கார். சர்க்காரே பிடுங்கினால் அதற்குப் பெயர் போர் முயற்சி. இரும்பு ஒன்றுதான், கம்பியைப் பிடித்த கை யாருடையது என்பதில்தான் குற்றம் இருந்தது. தேசிய வரலாறு முதல் பிடுங்கலைத் தியாகமாக எழுதி வைத்துக்கொண்டது. இரண்டாவதை ரயில்வேயின் பழைய விவரக்குறிப்பில் ஒரு வரியாக விட்டுவிட்டது. மாட்டுவண்டிக்கும் லாரிக்கும் திரும்பிய ஊர்களை அது எட்டிப் பார்க்கவில்லை.

1953-54இல் பாதையை மறுபடி போட்டார்கள். 2010 முடிவில் அகலப்பாதைக்காக மீண்டும் மூடினார்கள். தேனிக்கு ரயில் வந்தது 2022 மே மாதம், போடிக்கு 2023 ஜூன் 15. போரும் இல்லை, ஜப்பான்காரனும் இல்லை, ஆனாலும் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. முதல் தடவை பாதை இல்லாமல் கிடந்த காலமும் ஏறத்தாழ அவ்வளவுதான்.

இப்போது போடியிலிருந்து சென்னைக்கு நேராகப் போகலாம், நல்லதுதான். ஏலக்காய் லாரியில் போகிறது. அதைப் பறிக்கிற கைகள் விடிகாலையில் ஜீப்பில் நெருக்கியடித்து, போடிமெட்டு வளைவுகளில் ஏறி, இடுக்கித் தோட்டங்களுக்குப் போகின்றன. தண்டவாளம் அடிவாரத்தோடு நின்றுவிடுகிறது.