இதய நிறுத்தம்: மருத்துவமனையில் அவசர சிகிச்சை

இதயம் ரத்தத்தைச் செலுத்தும் வேலையைத் திடீரென நிறுத்திவிடுவதே இதய நிறுத்தம். சில நொடிகளில் நினைவு தப்பும், நாடி கிடைக்காது, மூச்சு நின்றுபோகும் அல்லது இடைவெளி விட்டு வரும் ஏங்கல் மூச்சு மட்டும் இருக்கும். ஏங்கல் மூச்சைக் கண்டு, நோயாளி சுவாசிக்கிறார் என்று நினைத்துவிடுவது ஆபத்தான தவறு. மாரடைப்பு இதய நிறுத்தத்துக்கு ஒரு முக்கியக் காரணம். ஆனால் மாரடைப்பு வந்த எல்லோருக்கும் இதயம் நின்றுவிடுவதில்லை.

கழுத்து நாடியைத் தேட 10 நொடிக்கு மேல் செலவிடக் கூடாது. சந்தேகம் இருந்தாலே மார்பை அழுத்தத் தொடங்கிவிட வேண்டும். நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, பெரியவர்களுக்கு 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு அழுத்த வேண்டும். ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுமையாக மேலெழ விட வேண்டும். அந்த மேலெழலின்போதுதான் இதயத் தசைக்கே ரத்தம் போகிறது. தொடர்ந்து அழுத்த அழுத்தத்தான் இதயத் தமனிகளில் ரத்த அழுத்தம் மெல்ல மெல்ல ஏறும். கையை எடுத்தால் சட்டென்று விழுந்துவிடும், மறுபடி ஏற நேரம் பிடிக்கும். அழுத்துபவர் சோர்ந்ததை அவரே உணர்வதற்கு முன்பே ஆழம் குறைந்துவிடும் என்பதால் 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். நாடி பார்ப்பது, குழாய் செருகுவது, மின்அதிர்ச்சி (ஷாக்) கொடுப்பது என எந்தக் காரணத்துக்கும் இடைவெளி 10 நொடியைத் தாண்டக் கூடாது. இந்தச் சிகிச்சையின் அச்சாணி இதுதான். மற்றவை எல்லாம் இதற்கு இடையூறு வராதபடி நடக்க வேண்டும்.

மார்பைத் திறக்காமலே ரத்த ஓட்டத்தைத் தக்கவைக்க முடியும் என்று 1960இல் கட்டுரை எழுதி உலகுக்குக் காட்டியவர்கள் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கௌவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் ஆகிய மூவர். அவர்களில் கௌவன்ஹோவன் மருத்துவரல்லர், மின்பொறியாளர். அதற்கு முன், மருத்துவர்கள் நெஞ்சைக் கீறி, இதயத்தைக் கையில் பிடித்தே பிசைந்தார்கள்.

மானிட்டரை இணைத்ததும் தெரிய வேண்டியது, இது ஷாக்குக்குக் கட்டுப்படும் துடிப்பா என்பது. கீழறை நடுக்கம், நாடியில்லாத கீழறை மிகைத்துடிப்பு ஆகிய இரண்டுக்கும் ஷாக் உண்டு. இருதிசை அலை டிஃபிப்ரிலேட்டரில் பொதுவாக 120 முதல் 200 ஜூல் வரை, கருவி தயாரிப்பாளர் சொன்ன அளவில் கொடுக்கலாம். கருவி சார்ஜ் ஆகும்போதும் அழுத்தம் தொடரட்டும். ஷாக் கொடுத்ததும் திரையைப் பார்த்து நிற்காமல் உடனே அழுத்தத்துக்குத் திரும்பி, 2 நிமிடம் கழித்தே துடிப்பை ஆராய வேண்டும். நேர்கோடாகத் தெரியும் துடிப்பின்மைக்கும், திரையில் மின்துடிப்பு இருந்தும் நாடி இல்லாத நிலைக்கும் ஷாக் பயன்படாது.

ஷாக் பயன்படாத நோயாளிக்கு அட்ரினலின் 1 மி.கி. எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் சிரையில் போக வேண்டும். பிறகு 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை. ஷாக்குக்கு உரிய துடிப்பில் முதல் இடம் ஷாக்குக்கே. அதற்கும் அடங்காவிட்டால் அட்ரினலினோடு அமியோடரோன் 300 மி.கி., தேவைப்பட்டால் மேலும் 150 மி.கி. தரலாம். மருந்தின் மேல் அளவுக்கு மீறி நம்பிக்கை வைக்க வேண்டாம். பிரிட்டனில் 8,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், அட்ரினலின் பெற்றவர்களில் 3.2 சதவீதத்தினரும், பெறாதவர்களில் 2.4 சதவீதத்தினரும் 30 நாள் கடந்து உயிரோடு இருந்தார்கள். ஆனால் மூளை நலத்தோடு பிழைத்தவர்களின் விகிதத்தில் தெளிவான வேறுபாடு இல்லை.

மூச்சுக்குழாயில் குழாய் செருகும்வரை 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு; செருகிய பிறகு, அழுத்தத்தை நிறுத்தாமல் 6 நொடிக்கு ஒரு மூச்சு. பதற்றத்தில், மூச்சு தரும் பையை வேகவேகமாகப் பிழிவது நடைமுறையில் அடிக்கடி காணப்படும் தவறு. அதனால் நெஞ்சுக்குள் அழுத்தம் கூடி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. வெளிமூச்சில் வரும் கரியமில வாயுவை அளக்கும் கருவி இங்கே பெருந்துணை: அளவு 10 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே கிடந்தால் அழுத்தத்தைச் சீராக்க வேண்டும்; திடீரென 35, 40க்கு ஏறினால் இதயம் மீண்டும் துடிக்கத் தொடங்கியிருக்கலாம்.

இவ்வளவும் நடக்கும்போதே, கைவேலை எதிலும் இறங்காத ஒருவர் தலைமையேற்று, இதயம் ஏன் நின்றது என்று யோசிக்க வேண்டும். டயாலிசிஸ் நோயாளி என்றால் பொட்டாசியம் கூடியிருக்கலாம், கால்சியம் ஊசி தேவைப்படும். பிரசவித்தவர் என்றால் ரத்தப்போக்கு. செயற்கைச் சுவாசத்தில் இருப்பவர் என்றால் நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைத்திருக்கலாம், அதை உடனே ஊசி குத்தி வெளியேற்ற வேண்டும். தொப்புள் வரையோ அதற்கு மேலோ கருப்பை வளர்ந்த கர்ப்பிணிக்கு வயிற்றை இடப்புறம் தள்ளிப் பிடித்தபடியே மார்பழுத்தம் தர வேண்டும். இதயம் திரும்பவில்லை என்றால் 5 நிமிடத்துக்குள் அங்கேயே குழந்தையை வெளியே எடுப்பது தாய்க்காகவும்தான்.

நாடி திரும்பியதும் ரத்த அழுத்தத்தின் சராசரியை 65 மி.மீ.க்குக் குறையாமல் காத்து, ஈசிஜி எடுத்து, மாரடைப்பு என்றால் உடனே ஆஞ்சியோகிராமுக்கு அனுப்ப வேண்டும். உடலை 33 டிகிரிக்குக் குளிர்விப்பது, காய்ச்சல் வராமல் காப்பதைவிட மேலானதல்ல என்று 2021இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. கண் விழிக்காத நோயாளியின் மூளை மீளுமா என்று குடும்பத்தாரிடம் முடிவாகச் சொல்ல 72 மணி நேரமாவது பொறுக்க வேண்டும். அப்போதும் ஒரே சோதனையை வைத்துச் சொல்லக் கூடாது.